காலி அலைவரிசையில் ஒரு டச்சுக்காரன்

என் வீட்டுக்காரர் கோவிந்தராஜ் எங்கள் மொட்டை மாடியை உலகத்துக்கே திறந்துவிட்டவர். மாடிக் கதவை அல்ல. அதைப் பூட்டிச் சாவியை இடுப்பில்தான் வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு ஜெகதாம்பாள் ஏரியல் கம்பியில் துணி காயப்போட்டுவிடுவாள் என்று பயம். அவர் திறந்துவிட்டது அந்தக் கம்பியில் வந்து விழுகிற சத்தத்தை.

அவருக்கு ஹாம் ரேடியோப் பைத்தியம். பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தே மைக்கில் பேசி, முகம் தெரியாத ஆட்களோடு வானிலை விசாரிக்கிற பொழுதுபோக்கு அது. ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இருந்தது. போன வருஷம் ரிட்டயர்டு ஆனதும் ஏழு நாளும் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. அருப்புக்கோட்டைப் பக்கத்து மனிதர். ஊரில் இருக்கும் அண்ணன் தம்பியோடு நாலு வார்த்தை பேச மாட்டார், மைக் கிடைத்தால் மட்டும் விடமாட்டார். நான் மண்ணூர்பேட்டையில் பிறந்தவள். எனக்கு மைக் தேவையில்லை.

ரிட்டயர்டு ஆன கையோடு சின்ன டிபன் பாக்ஸ் அளவில் ஒரு ரிசீவர் வாங்கினார். அதில் திருகுவதற்கு ஒன்றும் கிடையாது. ஏரியலில் வருகிறதை எல்லாம் மொத்தமாக அள்ளி கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிடுமாம். எந்த அலைவரிசை வேண்டும் என்று கேட்கிறவர் தன் திரையிலேயே தொட்டுக்கொள்ளலாம். இன்டர்நெட்டில் இணைத்துவிட்டால் எந்த நாட்டுக்காரரும் சென்னீர்குப்பத்து மாடியில் காது வைத்துக் கேட்கலாம். ஒரே நேரத்தில் எட்டுப் பேர், எட்டு வேறு வேறு இடத்தில்.

"எதுக்கு?" என்று கேட்டேன்.

"எத்தனை பேரு ஃபிளாட்டுல இருக்கான்! ஏரியல் கட்ட எடம் ஏது அவனுக்கு? நம்மகிட்ட எடம் இருக்கு, கம்பி இருக்கு. கேட்டுட்டுப் போகட்டுமே" என்றார்.

எங்கள் தெருவுக்கு நெட் கொடுக்கிற தங்கராஜைக் கூப்பிட்டார். தங்கராஜ் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அண்ணாத்தே, உங்க ஊட்டுக்குனு தனி நம்பர் கெடியாது. இந்த ஏரியா மொத்தத்துக்கும் ஒரே நம்பர்தான். உள்ளேர்ந்து வெளிய போலாம். வெளியேர்ந்து எவனும் உள்ள வர முடியாது" என்றான்.

"நல்லதுதானேப்பா! ஊடுனா அப்டித்தான் இருக்கணும்" என்றேன்.

என் பேச்சை யார் கேட்டார்கள்? தங்கராஜ் எங்கேயோ எழுதிப்போட்டு எங்கள் வீட்டுக்கென்று ஒரு தனி நம்பர் வாங்கிக் கொடுத்தான். அதற்கப்புறம் ஒரு வாரம் இவர் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து, வெளியிலிருந்து வருகிறவனுக்கு எந்த வாசல், அந்த வாசல் வழியாக எதுவரை வரலாம் என்று கம்ப்யூட்டரில் எழுதிக்கொண்டிருந்தார். கள்ளன் வர மாட்டானா என்று கேட்டதற்கு, "கேக்கத்தான் முடியும், ஒண்ணத்தையும் தொட முடியாது" என்றார். முதல் ஆள் வந்து கேட்ட அன்றைக்கு, பேரன் பிறந்த மாதிரி தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தார். பேரன் பிறக்கிற வழியை மூன்று வருஷத்துக்கு முன்பே அடைத்த மனிதர்.

அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்களுக்கு ஒரே மகள், ஷோபனா. அப்பாவோடு உட்கார்ந்து படித்து, காலேஜ் சேருவதற்கு முன்பே அவளும் அந்த லைசென்ஸ் வாங்கினாள். அப்பனும் மகளும் காலையில் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். நான் சட்னிக்கு மிக்ஸியைப் போட்டதும் ரேடியோவில் கரகரவென்று மண்ணை அள்ளிக் கொட்டின மாதிரி சத்தம் வரும். இரண்டு பேரும் சேர்ந்து, "மிக்ஸி!" என்று கத்துவார்கள். "சட்னி இல்லாம இட்லி துன்றீங்களா?" என்று நானும் கத்துவேன். எங்கள் வீட்டில் அதுதான் சுப்ரபாதம்.

அவளுக்கு விருதுநகர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பார்த்தார். பத்திரிகை அடித்து ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் முழுக்கக் கொடுத்தாகிவிட்டது. கல்யாணம் நெருங்குகிற நேரத்தில், தாலி ஏறியதும் வேலையை விட்டுவிட வேண்டும் என்று அந்தப் பையன் போனில் சொல்லியிருக்கிறான். உன் அப்பாவிடம் அப்போதே பேசியாகிவிட்டது என்றும் சொல்லியிருக்கிறான். அவள் வந்து கேட்டாள். இவர் ஆமாம் என்றார். அவள் கல்யாணம் வேண்டாம் என்றாள். நான் அவள் பக்கம் நின்றேன், இன்றைக்கும் நிற்கிறேன். ஆனால் கூடத்தில் அவர் பங்காளிகள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் மூக்கறுபட்ட ஆத்திரத்தில், "இனிமே உன் குரல் இந்த வீட்டுல கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

"சரிப்பா" என்றாள். விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா? அப்பனுக்குத் தப்பாத மகள். ஆறே மாதத்தில் கனடாவில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். போனவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை இவர் பூந்தமல்லிக்குக் கறி வாங்கப் போகிற நேரம் பார்த்து எனக்குப் போன் செய்வாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்க மாட்டாள். "வீட்ல எல்லாம் நல்லா இருக்காங்களா?" என்பாள். வீட்டில் இருப்பதே இரண்டு பேர், அதில் ஒருத்தி போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். இவரும் திரும்பி வந்ததும் மகள் பேசினாளா என்று கேட்க மாட்டார். பையைக் கீழே வைத்துவிட்டு, ஏதோ மணி பார்க்கிறவர் மாதிரி என் போனைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் அன்றைக்கு இரண்டு இட்லி கூட இறங்கும். அந்த ஒரு சூட்டை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் மூன்று வருஷம் ஓட்டினார் என்றால், அவரைத் திட்டுவதா, பாவம் பார்ப்பதா? நான் இரண்டையும் செய்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் மகள் குரல் என் வீட்டுக் கூடத்தில் கேட்க வேண்டும். ரகசியமாகச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று என் ஒரு காதுக்குள் மட்டும் கேட்டால் போதாது.

இந்த நிலைமையில்தான் டச்சுக்காரன் வந்து சேர்ந்தான்.

ரிசீவரைக் கேட்கிறவர்கள் யார் யார், எந்த ஊர், எந்த அலைவரிசையில் இருக்கிறார்கள் என்று திரையின் ஓரத்தில் காட்டும். பேர் போட விருப்பமில்லாதவர்கள் போடாமலும் இருக்கலாம். ஜப்பான், கோயம்புத்தூர், ரஷ்யா என்று வருவார்கள். எதையாவது கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஒருவர் மட்டும் தினமும் காலையில் நான் அடுப்பு பற்றவைக்கிற நேரத்துக்கு வருவார். பேர் கிடையாது. ஊர், நெதர்லாந்து. வந்து நேராக ஏழு மெகாஹெர்ட்ஸ் பக்கம் யாருமே பேசாத ஒரு காலி இடத்தில் உட்காருவார். நாங்கள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அங்கேயே இருந்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

"அந்த எடத்துல ஒண்ணுமே இல்லியே புள்ள. இவன் என்னத்தக் கேக்கான்?" என்று இவர் தலையைச் சொறிந்தார்.

"லூசா இருப்பான்."

"லூசு தெனம் கரெக்டா வருவானா? ரொம்ப மெல்லிசா ஏதோ ஒரு சிக்னலைத் தேடுறான். நம்ம காதுக்குத் தெரியல. அவன் பெரிய ஆளு."

நாளாக ஆக இவருக்கு அந்த ஆள் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. ஒரு நாள் வர நேரமானால் வாசலைப் பார்க்கிற மாதிரி திரையைப் பார்ப்பார். "டச்சுக்காரன் வந்துட்டான்" என்று சொல்லிவிட்டுத்தான் காபி குடிப்பார். அவனுக்குக் குளிராக இருக்குமோ, அங்கே அது நடுராத்திரியாயிற்றே, தூங்காமல் கேட்கிறானே என்று கவலைப்படுவார். பெற்ற மகளை விட்டுவிட்டு ஊர் பேர் தெரியாதவனுக்கு உருகுகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்புறம் ஒரு காலையில் திரையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். நீலமாக இருந்த திரையில் நான் மிக்ஸி போட்ட நேரத்துக்கு மட்டும் மேலிருந்து கீழ்வரை மஞ்சளாக வழிந்திருந்தது.

"பாத்தியா? அவன் தேடுற எடத்துலயே உன் மிக்ஸி விழுந்து கெடுக்குது. நம்மள நம்பி வந்து உக்காந்திருக்கான். இது நியாயமா?"

அன்றைக்கு ஆரம்பித்தது வேட்டை. எங்கள் வீட்டில் எது எது ரேடியோவில் சத்தம் போடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பிடித்தார். மாடிப்படி பல்பை மாற்றினார். தண்ணீர் மோட்டார் வயரில், ஃபிரிட்ஜ் வயரில், டிவி வயரில் எல்லாம் ரேடியோச் சத்தத்தை அடக்குகிற கறுப்பு வளையம் வளையமாக மாட்டினார். சீமந்தத்துக்கு வளையல் அடுக்கின மாதிரி இருந்தது வீடு. மிக்ஸிக்கு எத்தனை வளையம் போட்டும் அடங்கவில்லை. ஷோபனா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் வாங்கிய மிக்ஸி அது, என்னை மாதிரியே வாயை மூடாது. கடைசியில் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் பூபாலன் கடையில் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் போட்டிருந்தான். பழையதைக் கொடுத்துவிட்டுப் புது மாதிரி மோட்டார் வைத்த மிக்ஸி ஒன்று வாங்கி வந்தார். அதன் மோட்டாருக்குள் பொறி பறக்காதாம், அதனால் ரேடியோவில் சத்தமே வராதாம். அரைப்பது நன்றாகத்தான் அரைத்தது. நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன்.

மறுநாள் நான் சட்னி அரைத்தேன். திரையில் நீலம் நீலமாகவே இருந்தது. இவர் கையைத் தட்டினார். "டச்சுக்காரா, கேளுடா இப்ப!" என்றார்.

அந்த ஆள் நான்கு நாள் வந்தான். வழக்கத்தைவிட நேரம் கூட இருந்தான். ஐந்தாம் நாள் வரவில்லை. அதற்கப்புறம் வரவேயில்லை.

இவர் காபியை ஆறவைத்துக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்திருந்தார். "தேடினது கெடச்சிருக்கும், போய்ட்டான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கறி வாங்கக் கிளம்பி வண்டிச் சத்தம் தேய்கிறதற்குள் போன் வந்துவிட்டது. ஷோபனாதான். எடுத்த எடுப்பிலேயே, "அம்மா, உடம்புக்கு என்ன?" என்றாள்.

"எனக்கு இன்னா? குத்துக்கல்லாட்டம் கீறேன்."

"மறைக்காத. டாக்டர்கிட்ட போனியா? கை வலியா? சட்னி அரைக்கக்கூட முடியலியா?"

"இன்னாடி உளர்ற? இப்பத்தான் தேங்கா சட்னி அரைச்சிட்டு வந்தேன்."

"பொய் சொல்லாதம்மா. ஒரு வாரமா நீ மிக்ஸியே போடல."

நான் போட்டேன் போடவில்லை என்று சண்டைக்குப் போக வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கனடாவில் இருக்கிறவளுக்கு என் சமையலறையில் மிக்ஸி ஓடியதா இல்லையா என்று எப்படித் தெரியும்? அந்தப் பக்கம் அவள், "ஐயோ" என்றாள். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கும் புரிந்துவிட்டது.

"அடிப்பாவி, டச்சுக்காரன் நீயாடி?" என்றேன்.

"யாரு?"

"நெதர்லாந்து!"

"ஊர் தெரியக் கூடாதுன்னு மாத்திக் காட்டுற மாதிரி வெச்சிருந்தேன்மா" என்றாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். எந்தெந்த ஊரில் இப்படித் திறந்துவைத்த ரிசீவர் இருக்கிறது என்று காட்டுகிற ஒரு வரைபடம் இன்டர்நெட்டில் இருக்கிறதாம். சும்மா பார்த்துக்கொண்டிருந்தபோது சென்னைக்கு மேற்கே ஒரு புள்ளி இருந்ததாம். அப்பாதான் என்று தொடாமலே தெரிந்ததாம். முதல் நாள் ஏதோ பாட்டுக் கேட்கப் போனவளுக்கு நடுவில் கரகரவென்று அந்தச் சத்தம் வந்ததும் கை சோற்றுத் தட்டிலேயே நின்றுவிட்டதாம்.

"அங்க உங்களுக்குக் காலைல, இங்க எனக்கு நைட் சாப்பாடும்மா. ரேடியோல வேற எதுவும் கேக்காத எடமாப் பாத்து வெச்சிப்பேன். முதல்ல மோட்டார் போடுவீங்க, ஒரு சத்தம் வரும். அப்புறம் நீ மிக்ஸி போடுவே. விட்டு விட்டுப் போடுவே பாரு, அதுல தேங்காயா கொத்தமல்லியான்னுகூடத் தெரியும். ரெண்டு பேரும் எழுந்துட்டாங்க, நல்லா இருக்காங்கன்னு நெனச்சிக்கினு சாப்புடுவேன். கூட உக்காந்து சாப்புட்ற மாதிரி இருக்கும். திடீர்னு ஒண்ணொண்ணா எல்லாச் சத்தமும் நின்னுபோச்சும்மா. நாலு நாளு பாத்தேன், அப்புறம் கேக்கவே பயமாயிடுச்சு. நான் என்னன்னு நெனைக்கிறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுதால் சத்தமாகத்தான் அழுவேன். அவளும் அழுதாள். "அப்பாகிட்ட சொல்லிடாத" என்று சொல்லி வைத்தாள்.

என்னிடம் ரகசியம் சொன்னது அவள் தப்பு. அவர் வண்டியை நிறுத்திப் பையோடு உள்ளே வருவதற்குள் வாசலிலேயே சொல்லிவிட்டேன். "உங்க டச்சுக்காரன் யாருன்னு தெர்யுமா? நீங்க பெத்த பொண்ணு. மிக்ஸி சத்தத்தக் கேட்டுகினு கண்ணு காணாத ஊர்ல ஒண்டியா உக்காந்து சோறு துன்னுகினு இருந்திருக்கா. நீங்க அதையும் தூக்கிக் கடைல குட்துட்டு வந்துட்டீங்க!"

அவர் பையை வைக்கவில்லை. போனைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை. அப்புறம் உள்ளே போய்க் கையடக்க டிரான்சிஸ்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, "ஏறு வண்டில" என்றார்.

பூபாலன் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. எக்ஸ்சேஞ்சில் வந்த பழைய மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் எல்லாம் அங்கே குவிந்து கிடந்தன. "முக்காவாசி நேத்தே லோடு ஏறிட்ச்சிக்கா. உங்களுது கீதோ இல்லியோ" என்றான் பூபாலன். இவர் காதில் வாங்கவில்லை. எங்கள் மிக்ஸியின் கம்பெனி, எங்கள் மிக்ஸியின் நிறம் என்று தெரிந்ததை எல்லாம் பொறுக்கினார். கடையிலிருந்து ஒரு நீள வயர் இழுக்கச் சொன்னார். ஒவ்வொரு மிக்ஸியாக மாட்டி ஓட்டி, டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக் கேட்டார். தலையை ஆட்டிவிட்டு அடுத்ததை எடுத்தார்.

பூபாலன் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "அக்கா, அண்ணன் இன்னா பண்றாரு?" என்றான்.

"மிக்ஸியோட கொரல் கேக்கறாரு."

"நல்லாத்தானக்கா இருந்தாரு, வாங்கம்போது?"

வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. எனக்கு ஒவ்வொன்றும் ஒரே கரகரப்பாகத்தான் கேட்டது. "இது நம்புளுது மாதிரியே கீதே, இத்த எட்துகினு போலாம்" என்று ஒன்றைக் காட்டினேன். அவர் டிரான்சிஸ்டரை அணைத்தார்.

"இதெல்லாம் வேற வீட்டுச் சத்தம்" என்றார்.

வெறுங்கையோடு திரும்பினோம். சென்னீர்குப்பம் திரும்புகிற இடத்தில் லாரிகளுக்கு ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டார். பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, அவர் அம்மா செத்ததற்குக்கூட அழவில்லை.

"யோவ்" என்றேன். கோபம் வந்தால் எனக்கு மரியாதை மறந்துவிடும். "மிக்ஸியா போச்சி இப்ப? அவ மிக்ஸிக்கா ஏங்கினா? ஒரு போன் போடுய்யா!"

"போட்டு?"

"பேசு!"

"என் குரலக் கேட்டதும் அவ வச்சிட்டான்னா?" என்றார். "குரல் கேக்கக் கூடாதுன்னு சொன்னது நானு. நான் எந்த மூஞ்சியோட பேசுறது? ஒவ்வொரு நாளும் நெனைக்கிறேன், லோகா. அவ குரல் எப்படி இருக்கும்னு மறந்துருமோன்னு பயமா இருக்கு."

மூன்று வருஷம் போனைத் தொட்டுச் சூடு பார்த்த மனிதர் அதற்கு முன்னால் இப்படி ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் இத்தனை திட்டியிருக்க மாட்டேன். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில், "போன் வேணாம். மைக்ல பேசுறேன். கேக்கணும்னு தோணுச்சுன்னா கேக்கட்டும்" என்றார்.

அவருக்கு அதுதான் முடியும் என்று எனக்கும் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் ஷோபனாவுக்கு, நாளைக் காலை சட்னி நேரத்துக்கு ரிசீவரில் உன் பழைய இடத்துக்கு வா என்று ஒரு மெசேஜ் போட்டேன். பார்த்துவிட்டாள் என்று நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை.

மறுநாள் காலையில் அவர் குளித்து, சட்டை போட்டுக்கொண்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்தார். மாடியில் ரிசீவர் பக்கத்திலேயே இருப்பதால் சத்தமாக அனுப்பினால் அதன் காது அடைத்துவிடுமாம். பவரைக் குறை குறை என்று கடைசிவரை குறைத்தார். நான் அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கையெல்லாம் தேங்காய்த் துருவல்.

"மைக்க என்கிட்டக் குடுங்க, நான் ரெண்டு வார்த்த சொல்லி ஆரம்பிச்சு வெக்கறேன்" என்றேன்.

"லைசென்ஸ் இல்லாதவங்க பேசக் கூடாது. அது சட்டம். அவளுக்கு இருக்கு, எனக்கு இருக்கு. நீ வாயத் தொறக்காத."

திரையின் ஓரத்தில் ஒரு வரி புதிதாக வந்தது. அதே காலி இடம். பேர் இல்லை. ஆனால் ஊர் நெதர்லாந்து இல்லை, கனடா. அவள் ஒளிந்துகொள்ளாமல் வந்திருந்தாள்.

இவர் மைக்கை எடுத்து அமுக்கினார். முதலில் அவளுடைய அழைப்புக் குறியை எழுத்து எழுத்தாக மூன்று தடவை சொன்னார். லைசென்ஸ் வாங்கிய நாளில் அவளுக்கு அரசாங்கம் கொடுத்த குறி. பிறகு தன் குறியைச் சொன்னார். பிறகு, ஏதோ முன்பின் தெரியாத ஆளிடம் பேசுகிற மாதிரி, "இங்க ஆப்பரேட்டர் கோவிந்தராஜ். ஊர் சென்னீர்குப்பம், சென்னை" என்றார். "வானம் தெளிவா இருக்கு. வெயில் ஜாஸ்தி." அவ்வளவுதான், நின்றுவிட்டார். நான் முழங்கையால் இடித்தேன்.

"தாயி," என்றார். "வீட்டுச் சத்தத்த எல்லாம் நிறுத்தினது நான்தான். யாரோ டச்சுக்காரன்னு நெனச்சேன். நீன்னு தெரியாது. அம்மா நல்லா இருக்கா. நானும்... உன் குரல் கேட்டு மூணு வருஷம் ஆச்சு. எனக்குக் கேக்கணும் தாயி. ஓவர்."

மைக்கை விட்டுவிட்டுக் காத்திருந்தார். ஓவர் என்று சொல்லிவிட்டால் அடுத்தவர் பேச வேண்டும், அதுதான் அவர்கள் வழக்கம். கனடாவில் ஒரு அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள் இந்த ரேடியோவில் எப்படிப் பதில் பேசுவாள்? அவளால் கேட்கத்தான் முடியும். அவருக்கு அது தெரியாதா? தெரிந்தும் அந்த வெற்று இரைச்சலில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வளையல் போட்டு ஊமையாக்கின வீடு ஒரு முணுக்குச் சத்தம்கூடப் போடவில்லை. திரையில் அந்த வரி மட்டும் போகாமல் நின்றது.

அவர் மறுபடியும் மைக்கை அமுக்கி அவள் குறியைச் சொல்ல வாயெடுத்தார். முதல் எழுத்திலேயே அழுகை முந்திக்கொண்டது. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அடியே பாப்பா!" என்று நான் அந்த மைக்குக்குள்ளேயே கத்தினேன். "கேட்டுகினு கீறியா இல்லியா? அந்த மன்சன் அழுதுகினு கீறாருடி! போன எட்துப் பேசுடி!"

அவர் பதறிப்போய் மைக்கை விட்டார். "என்ன காரியம் பண்ணின! லைசென்ஸ்..." என்று ஆரம்பித்தார். அதற்குள் மேஜை மேல் என் போன் அடித்தது. என் கையில் தேங்காய். அவர்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவசரத்தில் எதையோ அமுக்கியதில் ஸ்பீக்கரில் விழுந்தது.

"அம்மா!" என்று கூடம் முழுக்கக் கேட்டது. மூக்கடைத்த குரல், அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. "லைசென்ஸ் இல்லாம மைக்ல பேசக் கூடாதுன்னு உனக்கு எத்தன தடவ சொல்றதும்மா?"

அவர் போனை வாய்க்கு நேராக, மைக்கைப் பிடிக்கிற மாதிரியே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அதத்தான் தாயி நானும் சொல்லிட்டிருக்கேன்," என்றார். "கேக்க மாட்டேங்கா. ஓவர்."